தோன்றா எழுவாய்

"இன்னிக்கிலேர்ந்து ரொட்டி ஒண்ணா, ரெண்டாக்கா?"

கட்டடத்தில் வீடுவீடாகக் காலை ரொட்டி கொடுத்துவரும் வாயிற்காப்பாளர் ஹிதிர், கூடையுடன் மூன்றாம் மாடி வாசலில் நின்றார். அவர் பார்வை பெரிஹானின் முகத்தில் இல்லை. முந்தைய மாலைதான் வாசலோரத்தில் இடம்பிடித்திருந்த, நாற்பத்தாறாம் அளவு ஆண் காலணிகளில் இருந்தது.

அந்தத் தெருவில் ஒரே மாதத்தில் இரண்டு வீடுகளில் திருடர்கள் புகுந்திருந்தார்கள். இரண்டிலும் பெண்கள் தனியாக வாழ்ந்தார்கள். பெரிஹானும் தனியாகத்தான் வாழ்ந்தார். கதவுக்கு மூன்று பூட்டுகள் போட்டும் அவருக்குத் தூக்கம் வரவில்லை. இஸ்மிரிலிருந்து தங்கை தொலைபேசியில் ஒரு வழி சொன்னாள்.

"பூட்டைப் பார்த்து எந்தத் திருடன் பயந்தான்? ஷூவைப் பார்த்தாத்தான் பயப்படுவான். ஆம்பளை ஷூவா, பெரிசா ஒரு ஜோடி வாங்கி வாசல்ல போடு."

பழைய பொருள் சந்தையில் இருந்தவற்றுள் மிகப் பெரியதைத் தேர்ந்து வாங்கினார் பெரிஹான். திருடனுக்காகப் போட்டதில் முதலில் ஹிதிர்தான் வந்து மாட்டுவார் என்று தங்கை சொல்லியிருக்கவில்லை.

"ரெண்டு," என்றார் பெரிஹான்.

"தம்பி வந்திருக்காராக்கா?"

பெரிஹான் பாடநூல்களுக்கு மெய்ப்புத் திருத்தி ஓய்வுபெற்றவர். பிழை என்று தெரிந்தும் அவர் திருத்தாமல் விட்ட முதல் சொல் 'தம்பி'.

"நேத்துதான்."

"கொஞ்ச நாள் இருப்பாரா?"

"இப்போதைக்குக் கிளம்புறதா இல்லை."

பெரிஹானுக்குப் பொய் சொல்ல வராது; எழுவாய் இல்லாமல் வாக்கியம் அமைக்க நன்றாக வரும். விடுபட்ட எழுவாயைக் கேட்பவர் தாமே இட்டு நிரப்பிக்கொண்டால், அதற்குச் சொன்னவர் பொறுப்பாகார் என்பது அவருடைய கருத்து.

அன்றிரவு பெரிஹான் நன்றாகத் தூங்கினார். அதன்பின் சில நாட்கள் கழித்து எதிர்வீட்டு சபாஹத் கதவைத் தட்டினார்.

"ஏன் பெரிஹான், உன் தம்பி வெளியிலயே போறதில்லையா? ஷூ வச்ச இடத்துலயே இருக்கே. உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கு."

மறுநாள் முதல் காலணிகள் காலையில் உள்ளே போயின. மாலையில் வெளியே வந்தன. வேலைக்குப் போய்த் திரும்பும் மனிதனுக்குரிய ஒழுங்கு அதில் இருந்தது. பிறகு மழை பெய்தது.

"ஊரே நனைஞ்சு கெடக்கு, உன் தம்பி ஷூ மட்டும் காய்ஞ்சிருக்கு," என்றார் சபாஹத். "குடையைக் காலுக்கா பிடிச்சுக்கிட்டு வந்தார்?"

பெரிஹான் காலணிகளைக் குளியல்தொட்டியில் முக்கி எடுத்தார். அடியில் பூந்தொட்டி மண்ணை அப்பி, வாசலில் வைத்தார்.

"படியெல்லாம் பளிச்சுன்னு இருக்கு, உன் வாசல்ல மட்டும் சேறு. பறந்து வந்தாரா?"

சபாஹத்துக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. அக்கறை மட்டுமே இருந்தது. சந்தேகத்துக்கு ஒருமுறை விடை சொல்லி ஓயலாம். அக்கறைக்கு ஓய்வில்லை.

ஆகவே பெரிஹான் காலணிகளுக்குள் செய்தித்தாளைத் திணித்து, கம்பளிக் காலுறைகள் இரண்டு சோடி அணிந்து, விடியற்காலையில் யாரும் எழுமுன் தெருக்கதவு வரை இறங்கி ஏறலானார். ஓசையின்றி நடக்கத்தான் நினைத்தார். முப்பத்தாறாம் அளவுக் கால் நாற்பத்தாறாம் அளவுக் காலணிக்குள் இருந்தால் அது ஆகிற காரியம் அன்று. தொப், தொப் என்று கட்டடம் முழுவதும் கேட்டது.

முதலாம் மாடியில் குடியிருந்த ருஸ்தெமுக்கும் கேட்டது. கடற்படையிலிருந்து ஓய்வுபெற்று வந்த அவர்தாம் கட்டடத்தின் நிர்வாகி. போன மாதம் சிறு நிலநடுக்கத்தில் உஸ்குதார் பகுதி முழுவதும் இலேசாக ஆடியதிலிருந்து அவர் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கு ஒரு அவசரப் பை, தண்ணீர், கைவிளக்கு என்று ஏற்பாடு செய்தார். இப்போது எல்லாரையும் தம் வரவேற்பறைக்குத் தேநீருக்கு அழைத்திருந்தார்.

"நிலநடுக்கம் வந்தா லிஃப்ட் கிடையாது," என்றார் ருஸ்தெம். "நாமெல்லாம் ஓடிடுவோம். அஞ்சாம் மாடி ஷாகிர் பெரியவர் என்ன பண்ணுவார்?"

எல்லாரும் நெஸ்ரினைப் பார்த்தார்கள். மருத்துவமனையில் தாதியாக வேலைபார்க்கும் நெஸ்ரின், படுக்கையில் கிடக்கும் தந்தையுடன் ஐந்தாம் மாடிக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. பெரியவர் எவரையும் பார்க்க விரும்புவதில்லை. கட்டடம் அவரை இருமலால் மட்டுமே அறியும்.

"தூக்கிட்டு இறங்க ஆள் யாருன்னு ரொம்ப யோசிச்சேன்," என்று தொடர்ந்தார் ருஸ்தெம். "இனி யோசிக்க வேண்டியதில்லை. பெரிஹான் அம்மாவோட தம்பி இருக்கார். என்ன நடை! அவர் படியில இறங்கினா என் மேஜையில டீ கிளாஸ் ஆடுது. பூமிதான் ஆடுதுன்னு நினைச்சு ரெண்டு தடவை மேஜைக்கு அடியில போய்ப் படுத்துட்டேன்."

"இடுப்பு வலி," என்றார் பெரிஹான் அவசரமாக.

"யாருக்கு?"

இத்தனை நாளில் எழுவாயை நேரடியாகக் கேட்டவர் அவர் ஒருவரே.

"எனக்கு," என்றார் பெரிஹான். அது உண்மை, அந்தக் காலணிகளுடன் படியேறினால் யாருக்கும் வரும்.

"உங்களை யாரு தூக்கச் சொன்னா?"

நெஸ்ரின் எழுந்துவிட்டாள். "வேண்டாம் மாமா, அப்பாவை நானே பார்த்துக்கறேன். யாருக்கும் சிரமம் வேண்டாம்."

"தொண்ணூறு கிலோன்னு நீதானே சொன்னே? நீ தூக்கினா ரெண்டு பேரையும் நாங்க பொறுக்கி எடுக்கணும். உட்காரும்மா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒத்திகை. நான் விசில் ஊதுவேன். தம்பி நேரா மேலே போவார், பெரியவரோட இறங்குவார். அவ்வளவுதான்."

நெஸ்ரின் தொப்பென்று உட்கார்ந்தாள். தேநீர் தட்டில் சிந்தியது. நன்றியில் நெகிழ்ந்துபோனாள் என்று பெரிஹான் நினைத்தார். அதற்குமேல் அங்கே உட்கார அவரால் முடியவில்லை.

மறுநாள் காலை ரொட்டி வந்தபோது, "இனி ஒண்ணு போதும். கிளம்பியாச்சு," என்றார் ஹிதிரிடம். காலணிகளையும் உள்ளே எடுத்துவிட்டார். சிறிது நேரத்தில் ருஸ்தெமே மூச்சிரைக்க வந்து நின்றார்.

"தம்பி கிளம்பிட்டாராமே? ஞாயித்துக்கிழமைக்கு வந்துடணும். நம்பர் குடுங்க, நானே பேசறேன்."

"வேண்டாம், வேண்டாம். சொன்னா வந்துடும்."

காலணிகள் மீண்டும் வாசலுக்கு வந்தன. ரொட்டி இரண்டானது. திரும்ப வந்தவர் இன்னும் பசியோடு வந்திருப்பார் என்று சபாஹத், திராட்சை இலையில் பொதிந்த சோற்றை ஒரு பெரிய தட்டு நிறையக் கொடுத்தனுப்பினார்.

ஒத்திகையைக்கூட ஏதேனும் சொல்லிச் சமாளித்துவிடலாம். பெரிஹானை அரித்தது வேறொன்று. அதற்கு முன்பே பூமி உண்மையில் ஆடிவிட்டால்? எல்லாரும் தெருவில் நின்று, பெரியவரைத் தம்பி கொண்டுவருவார் என்று காத்திருப்பார்கள். முன்பானால் யாராவது ஒருவராவது மேலே ஓடியிருப்பார். இப்போது எவரும் ஓடமாட்டார். ஐந்தாம் மாடியில் ஒரு மனிதர் ஒரு சோடிக் காலணிகளை நம்பிப் படுத்திருக்கிறார்.

உண்மையைச் சொன்னால் ஹிதிருக்குத் தெரியும். ஹிதிருக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிந்தது திருடனுக்குத் தெரியாமல் இருக்காது. தெரியட்டும் என்று முடிவுசெய்து, சனிக்கிழமை மாலை பெரிஹான் தம் சொந்தச் செருப்புடன் ஐந்தாம் மாடிக்கு ஏறினார்.

நெஸ்ரின் கதவைக் கையகலம் திறந்தாள். உள்ளே கனத்த இருமல் கேட்டது. அவள் கண்கள் சிவந்திருந்தன.

"நாளைக்கு வேண்டாம்னு சொல்லத்தான் நானே கீழே வரலாம்னு இருந்தேங்கா. அப்பாவுக்கு வெளியாளுங்க தொட்டா ஆகாது. உங்க தம்பிகிட்ட நீங்களே எப்படியாவது..."

"நெஸ்ரின், நான் சொல்றதைக் கேளு. அப்புறம் என்னைத் திட்டு." பெரிஹான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தம்பி கிடையாது. அந்த ஷூ நான் திருடனுக்குப் பயந்து வாங்கி வச்சது. படியில நடந்ததும் நான்தான். நாளைக்கு உங்க அப்பாவைத் தூக்க யாரும் வரமாட்டாங்க. நாளைக்கு மட்டும் இல்லை, என்னிக்குமே."

நெஸ்ரின் தலையை வெளியே நீட்டினாள்.

"யாரும் வரமாட்டாங்களா?"

"வரமாட்டாங்கம்மா. மன்னிச்சுடு."

"நிஜமாவா? தம்பியே கிடையாதா?"

"ஒரே ஒரு தங்கச்சிதான். இஸ்மிர்ல இருக்கா. அவளாலதான் இவ்வளவும்."

நெஸ்ரின் கதவை அகலத் திறந்து, பெரிஹானைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பெரிஹானுக்கு விளங்கவில்லை. தந்தையைக் காப்பாற்ற ஆளில்லை என்ற செய்திக்கு ஒரு மகள் கன்னத்தில் முத்தம் கொடுப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் மார்பிலிருந்து ஒரு பாறையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது; அவருக்கும் சிரிப்பு வந்தது.

உள்ளே இருமல் மறுபடி தொடங்கியது. முன்னிலும் பலமாக, நிற்காமல் தொடர்ந்தது.

"என்னை அப்புறம் கொஞ்சலாம்," என்றார் பெரிஹான். "பாவம், பெரியவர் எப்படி இருமுறார் பாரு. முதல்ல போய் அவரைக் கவனி."

"ஐயோ, ஆமாக்கா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள் நெஸ்ரின். "இருங்க, அப்பாவை ஆஃப் பண்ணிட்டு வந்துடறேன்."