நீலப் பொட்டு வைத்த போன்

என் மனைவியின் உயிரை அவளுக்குத் தெரியாமல் காப்பாற்றுவது என்று முடிவு செய்தேன். தெரிந்து காப்பாற்ற அவள் அனுமதி கொடுக்கவில்லை. நோயலீன் அனுமதி கொடுக்காத காரியம் எதுவும் எங்கள் பண்ணையில் நடந்ததில்லை, மழையைத் தவிர. அதுகூட அவள் துணி காயப்போட்ட நாட்களில் கொஞ்சம் தயங்கித்தான் பெய்யும்.

விஷயம் இதுதான். நோயலீனுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. எந்த நேரமும் மூச்சு முட்டிக் கீழே விழலாம். விழுந்தால் அவசர எண்ணான மூன்று சைபரை அழுத்தி ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். வீட்டில் கம்பி போட்ட போனை எப்போதோ பிடுங்கிவிட்டோம். இருப்பது ஆளுக்கொரு கைபேசி. இரண்டும் ஒரே மாடல், ஒரே கறுப்பு. அவளுடையதற்குச் சிவப்புக் கவர், என்னுடையதற்குப் பச்சை. என்னுடையதை எங்கள் மகள் ப்ரோன்வின் அடிலெய்டில் தயாரித்தவர்களிடமே நேராக வாங்கி அனுப்பினாள். நோயலீனுடையது பக்கத்து ஊர் கடீனாவில் சிக்னல் கம்பெனிக்காரனே நடத்தும் கடையில், அவனுடைய மாதத் திட்டத்தோடு ஒட்டி வந்தது.

அந்த ஒரு வித்தியாசம்தான் எங்கள் குடியைக் கெடுத்தது. பழைய டவர்களை நாடு முழுக்க மூடினார்கள். அவள் போன் மற்றபடி நன்றாகப் பேசும். மூன்று சைபரை அழுத்தினால் மட்டும், மூடிப்போன டவரைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடும். சின்னதாக ஓர் அப்டேட் போட்டால் சரியாகிவிடும். என் போனுக்கு அதைத் தயாரித்தவர்களே அனுப்பிவிட்டார்கள். அவள் போனுக்குச் சிக்னல் கம்பெனி வழியாகத்தான் வர வேண்டும். வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன்.

"அந்த மாடலை நாங்க நிறுத்திட்டோம் சார்."

"விக்கிறதைத்தானே நிறுத்தினீங்க?"

"அப்டேட் கொடுக்கிறதையும் நிறுத்திட்டோம் சார்."

"மாசா மாசம் பணம் எடுக்கிறது?"

"அது தொடருது சார்."

"என் மனைவி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தா என்ன பண்றது?"

"எங்க வெப்சைட்ல அருமையான புது மாடல்கள் இருக்கு சார்."

சரி, கெட்டது போகட்டும் என்று கடீனாவுக்குப் போய் ஒரு புதுப் போன் வாங்கிவந்து அவள் கையில் கொடுத்தேன். நன்றி சொன்னாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதுக்கடையில், ஊர்க் காரியத்துக்குப் பணம் திரட்ட, இறைச்சியைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கல். முதல் பரிசு அரை ஆடு. தட்டில் ஆட்டுக்கறித் துண்டுகளுக்கும் சாசேஜுக்கும் நடுவில், பெட்டி பிரிக்காமல், நான் வாங்கிக் கொடுத்த போன் உட்கார்ந்திருக்கிறது! அதை ஜெயித்த கிழவர் முகம் தொங்கிப்போய், சாசேஜாக மாற்றித் தர முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன காரியம் பண்ணியிருக்கே?" என்றேன் வீட்டுக்கு வந்ததும்.

"தீயணைப்பு வண்டிக்கு டயர் வாங்கணுமாம். என்னாலானதைக் கொடுத்தேன்."

"அது உன் உயிரைக் காப்பாத்த வாங்கினது!"

"டயரும்தான் நாலு பேர் உயிரைக் காப்பாத்தும்."

"நீ திடீர்னு விழுந்தா?"

"தரை தாங்கிக்கும்."

"கிண்டல் பண்ணாதே, நோயலீன். உன் போனுக்கு அப்டேட் நின்னுபோச்சு."

"உனக்கு நின்னு எத்தனை வருஷம் ஆச்சு? உன்னை நான் வச்சுக்கலையா?"

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மாடிப்படியில்கூட அல்ல, சமையலறையிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள்ளேயே ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. போன்கள் இரண்டும் ஒரே அச்சு. என்னுடையதை அவளுடைய சிவப்புக் கவருக்குள் போட்டுவிட்டால்? அவளுடைய உதவாக்கரையை என் பச்சைக் கவருக்குள் நான் வைத்துக்கொண்டால்? அவள் கையில் நல்ல போன். எனக்கு எதற்கு ஆம்புலன்ஸ்? நான் குதிரை மாதிரி இருந்தேன்.

பக்கத்துப் பண்ணை ரெக்ஸ் க்ளைனிக்குக்கு இந்தப் போன் வைத்தியமெல்லாம் தெரியும். நோயலீன் சர்ச் ஹாலில் பெண்கள் கூட்டத்துக்குப் போன மதியம், வழக்கம்போல அவள் சமையலறையில் மறந்து வைத்துவிட்டுப் போன போனை எடுத்துக்கொண்டு அவன் கொட்டகைக்கு ஓடினேன்.

"இதுல இருக்கிறதை அதுல ஏத்து. அதுல இருக்கிறதை இதுல ஏத்து. சிம்மையும் மாத்து," என்றேன்.

"மெர்வ், நோயலீனுக்குத் தெரிஞ்சா?"

"எப்படித் தெரியும்?"

"இதுவரைக்கும் எதுதான் அவளுக்குத் தெரியாம இருந்திருக்கு?"

"தெரிஞ்சா முதல்ல என்னைத்தான் கொல்லுவா. உனக்கு ஓட நேரம் கிடைக்கும்."

ரெக்ஸ் பெருமூச்சு விட்டுக்கொண்டே எல்லாவற்றையும் மாற்றினான். பிறகு எது எது என்று குழம்பக் கூடாதே என்பதற்காக, ஆடுகளுக்கு அடையாளம் வைக்கும் நீல மையைத் தொட்டு, நல்ல போனின் முதுகில் ஒரு பொட்டு வைத்தேன். சிவப்புக் கவரை மாட்டினேன். பொட்டு உள்ளே மறைந்தது. அவள் திரும்பி வருவதற்குள் போன் சமையலறையில் அதே இடத்தில் இருந்தது.

அடுத்து வந்த வாரங்கள்தான் என் தாம்பத்திய வாழ்க்கையின் பொற்காலம். நான் நோயலீனை ஏமாற்றியிருந்தேன்! அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் சிவப்புக் கவரைக் கழற்றிப் பார்ப்பேன். பொட்டு பத்திரமாக இருக்கும். கவரை மாட்டிவிட்டு விசில் அடிப்பேன். அவளும் அந்த நாட்களில் அதிசயமாகச் சாந்தமாக இருந்தாள். சண்டையைப் பாதியில் விட்டுக்கொடுத்தாள். என் சாப்பாட்டில் உப்புக் குறைந்தது, அதைக்கூட நான் அன்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

பார்லி அறுவடை தொடங்கியது. காலையில் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றாள்.

"போனைச் சட்டைப் பையில வச்சுக்கோ. இயந்திரத்துல விட்டுட்டு இறங்காதே."

"கடைக்கோடி வயல்ல நம்ம சிக்னல் எட்டவே எட்டாதே."

"அடுத்த கம்பெனிக்காரன் டவர் எட்டும். அவசரத்துக்கு எவன் டவர்ல வேணாலும் போகும்."

"இந்தப் போன்ல அது போ..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"என்ன?"

"ஒண்ணுமில்லை."

"அப்ப பையில வை."

வைத்தேன். அவள் பட்டனையும் போட்டுவிட்டாள்.

கடைக்கோடி வயலில் மதியம் இயந்திரத்தின் கத்தியில் பார்லித் தாள் சிக்கியது. கத்தி இருக்கும் அந்த நீளமான முன்பகுதியை உயரத் தூக்கி நிறுத்திவிட்டு, இறங்கிப்போய்க் கையால் பிடுங்கினேன். தூக்கி நிறுத்தினால் அது கீழே இறங்காமல் பூட்டுப்போட வேண்டும். நான் போடவில்லை. ஒரு நிமிட வேலைதானே என்று நினைத்தேன். எண்ணெய்க் குழாய் வெடித்தது. அத்தனை எடையும் என் வலது காலின் மேல் வந்து உட்கார்ந்தது.

கத்தினேன். கேட்க ஆளில்லை. வெயில் கொளுத்தியது. மண் என் ரத்தத்தை அவசர அவசரமாகக் குடித்தது. பயந்தேன், வெட்கமில்லாமல் பயந்தேன். நான் இங்கே செத்துக் கிடந்தால், சாயங்காலம் என்னைத் தேடிக்கொண்டு இந்த மேட்டில் அவள் நடந்து வருவாள், நடந்து வந்தே செத்துப்போவாள் என்று பயந்தேன். பையிலிருந்து போனை எடுத்தேன். ‘அவசர அழைப்பு மட்டும்’ என்றது. அதைத்தான் இந்தப் போன் செய்யாது. இருந்தாலும் மூன்று சைபரை அழுத்தினேன். கைக்கு வேறு வேலை இல்லை.

"அவசர உதவி. போலீஸா, தீயணைப்பா, ஆம்புலன்ஸா?" என்றது ஒரு பெண் குரல்.

"இது வேலை செய்யுதா?"

"சார்?"

"இது வேலை செய்யக் கூடாதே!"

"சார், உங்களுக்கு என்ன ஆச்சு?"

"கால் மாட்டிக்கிச்சு, ரத்தம் போகுது. அதை விடுங்க. என் மனைவிக்கு உடனே ஆம்புலன்ஸ் அனுப்புங்க!"

"அவங்களுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை."

"எங்க இருக்காங்க?"

"வீட்ல ஸ்கோன் ரொட்டி சுட்டுக்கிட்டிருக்கா. அவ கையில தப்பான போன் இருக்குங்க!"

"சார், ரத்தம் ரொம்பப் போயிடுச்சா?"

ஹெலிகாப்டர் வந்தது எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. அடிலெய்டு ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வலது முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். பிறகுதான் பக்கத்து நாற்காலியில் நோயலீன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. தொப்பியைக் கையில் பிசைந்தபடி கதவோரம் ரெக்ஸ்.

"போனை நீ மாத்திட்டே," என்றேன்.

"நீ மாத்தின அன்னிக்குச் சாயங்காலமே. ரெக்ஸ் உளறிட்டான். அவனையே வச்சு எல்லாத்தையும் திருப்பி மாத்தினேன்."

"நான் ஒண்ணும் உளறலை. அவ என்னைப் பார்த்தா. அவ்வளவுதான்," என்றான் ரெக்ஸ்.

"பொட்டு இருந்ததே! நீ குளிக்கப் போறப்பல்லாம் பார்த்தேனே!"

"தெரியும். நீ நிம்மதியாப் பார்த்து முடிக்கட்டுமேன்னுதான் கொஞ்சம் கூடுதலாக் குளிச்சேன். நல்ல போன்ல இருந்த மையைத் துடைச்சு, மத்ததுல வைக்க எவ்வளவு நேரமாகும்? ஒரே ஒரு தடவை அணைச்சு மறுபடி ஆன் பண்ணிப் பார்த்திருந்தா, என் போன்ல கம்பெனிக்காரன் பேர் பளிச்சுனு வந்திருக்கும். உனக்குப் பொட்டு போதும்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கால் போன கோபம் அதில் பாதி.

"நெஞ்சு சரியில்லாதவ யாரு, நானா நீயா? நீ விழுந்திருந்தா? அந்த ஓட்டைப் போனை வச்சுக்கிட்டு என்ன பண்ணியிருப்பே?"

"கத்தாதே. பக்கத்துப் படுக்கையில ஆள் தூங்குறாரு."

"பதில் சொல்லு!"

அவள் என் போர்வையின் தட்டையான பக்கத்தைக் கையால் நீவிவிட்டாள்.

"மார்ச் மாசமே ஹார்ட் டாக்டர் சொல்லிட்டாரு, மெர்வ். ஆபரேஷனை இது தாங்காதாம். இந்த மாடலை நிறுத்திட்டாங்களாம். இனிமே விழுந்தா, ஆம்புலன்ஸ் பெரிய ரோட்டுலருந்து திரும்புறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்."

"என்கிட்ட சொல்லலையே!"

"சொன்னா அழுவே. அழுதுக்கிட்டே அறுவடை பண்ணுவே. கண்ணு தெரியாம கையைக் காலை வெட்டிக்குவேன்னு பயந்தேன். அது சொல்லாமலே நடந்துபோச்சு."

"நோயலீன்..."

"எனக்கு ஆம்புலன்ஸ் வந்தா அது வெறும் வண்டி. உனக்கு வந்தா உசுரு. நல்ல போன் யார்கிட்ட இருக்கணும்? நீயே சொல்லு."

நான் அழுதேன். காபி வாங்கிவருகிறேன் என்று ரெக்ஸ் வெளியே போனான், வெறுங்கையோடு திரும்பி வந்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"உன்னைக் காப்பாத்தணும்னுதானே பண்ணேன்," என்றேன்.

"தெரியும். திட்டம் நல்ல திட்டம்தான். ஆளைத்தான் தப்பா எடுத்துட்டே." அவள் பையைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்து என் மார்பின் மேல் வைத்தாள். "உன் போனுக்கும் அடுத்த வருஷத்தோட அப்டேட் நிக்குதாம், ரெக்ஸ் சொன்னான். இது புதுசு. கம்பெனிக்காரன் கடையில வாங்கலை. ஏழு வருஷத்துக்கு அப்டேட் வருமாம். அது முடியறதுக்கு முன்னாடி, நான் போற இடத்துக்கு என் பின்னாடியே வந்து நிக்கக் கூடாது. ரெக்ஸ், நீ கேட்டுக்கிட்டே இல்லே?"

"கேட்டுக்கிட்டேன்," என்றான் ரெக்ஸ்.

நோயலீன் அடுத்த மே மாதம் போனாள். கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தபோது. நான் கட்டைக்காலை இழுத்துக்கொண்டு ஓடினேன். புதுப் போனில் அழுத்தியதுமே எடுத்துவிட்டார்கள், எல்லாம் சரியாக வேலை செய்தது. ஆம்புலன்ஸ் பெரிய ரோட்டிலிருந்து திரும்புவது தெரிந்தபோது, அவள் என் மடியில், அவள் சொன்னபடியே எல்லாவற்றையும் முடித்திருந்தாள்.

அரை வருஷம் ஓடிவிட்டது. இந்த வீட்டில் என்னைத் திட்ட ஆளில்லை, எனக்கு எழுந்திருக்கக் காரணமும் இல்லை. நேற்றுக் காலை ரெக்ஸ் வந்தபோது நான் படுக்கையை விட்டு எழவில்லை. எனக்குப் போதும், என் நேரமும் வந்துவிட்டது போலிருக்கிறது என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தலைமாட்டில் இருந்த போனை எடுத்து, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்துப் பார்த்தான்.

"இன்னும் ஆறு வருஷம் அப்டேட் இருக்கு. எழுந்திரு, ஆட்டுக்குத் தண்ணி விடணும்."