பத்துத் தொட்டிப் பயறும் பதினெட்டு ஸ்லைடும்

'மாணவர் ஆராய்ச்சித் திட்டம்' என்று சர்க்குலரில் வருகிற எதையும் எந்த மாணவரும் முழுதாகச் செய்ததில்லை. இருபது வருடத்துக்கு மேல் அறிவியல் மிஸ்ஸாக இருந்தவள் சொல்கிறேன், நம்பலாம். பாதியை மிஸ் செய்வார், மீதியை மிஸ்ஸின் வீட்டுக்காரர் செய்வார். பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். நடுவர் வந்து, "நீங்களே செஞ்சீங்களா கண்ணுங்களா?" என்று கேட்பார். அவருக்கும் விஷயம் தெரியும். (அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கும் அல்லவா?) இப்போதும் அந்தச் சர்க்குலரைக் கண்டால் எனக்கு முதுகு வலிக்கிறது. காரணம், ஒரே ஒரு முறை பிள்ளைகள் அதை உண்மையாகவே செய்துவிட்டார்கள். நான்தான் கெடுத்தேன்.

இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில் நடந்தது. எனக்கு இருபத்தாறு வயது. வாணியம்பாடியிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயில் பிடித்து ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தேன். நிர்வாகம் போட்ட தற்காலிக வேலை. ஏப்ரலில் நிறுத்திவிட்டு ஜூனில் மறுபடி கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று மே மாதம் முழுக்கத் தபால்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வருடம் அறிவியலுக்கு ஒரு நிரந்தர இடம் காலியானது. ஹெச்.எம். அம்மா என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஜெயா, ஜில்லா அறிவியல் கண்காட்சியில நம்ம ஸ்கூல் ப்ரைஸ் வாங்கணும். வாங்கிட்டா கமிட்டில உன் பேரைச் சொல்ல எனக்கும் ஒரு வாய் வரும். இந்த வருஷம் கம்ப்யூட்டர்ல படமெல்லாம் காட்டணுமாம், மல்டிமீடியாவாம். இன்னா பண்ணுவியோ, பண்ணு."

இன்னா பண்ணுவது என்று யோசிக்கவே இல்லை. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பாதி எடுக்கும் அதே தலைப்பைத்தான் நானும் எடுத்தேன்: தோல் பதனிடும் கழிவுநீர் பச்சைப்பயறின் வளர்ச்சியைப் பாதிக்கிறதா? பாதிக்கிறது. ஆம்பூரில் பால்குடி மறக்காத பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். விடை தெரிந்த கேள்வி என்பதால்தான் அதை எடுத்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஐந்து பேரைப் பிடித்துக் குழு அமைத்தேன். தலைவி நஸ்ரீன். ஒல்லியாக, எப்போதும் ஏதோ எழுதிக்கொண்டே இருக்கும் பெண். அவளுடைய அப்பா தோல் பதனிடும் ஒரு டேனரியில் ஃபிட்டர். அதனால் கழிவுநீருக்கு அலைய வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன். பத்துத் தொட்டிகள். ஐந்துக்கு 'நல்ல தண்ணீர்' என்று சீட்டு, ஐந்துக்குக் 'கழிவுநீர்' என்று சீட்டு. மாடிப்படிக்குக் கீழே இரண்டு பிளாஸ்டிக் கேன், அவற்றிலும் அதே சீட்டுகள். தினம் ஒரு டம்ளர் ஊற்ற வேண்டும், அளந்து நோட்டில் எழுத வேண்டும். "புரிஞ்சிதா?" என்றேன். "புரிஞ்சிது மிஸ்" என்றார்கள். அத்துடன் என் ஆராய்ச்சி முடிந்தது. நான் மல்டிமீடியாவுக்குப் போய்விட்டேன்.

பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பவர்பாயிண்ட் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்பதைவிட, எனக்குப் பேய் பிடித்தது என்று சொல்லலாம். எழுத்துகள் பறந்து வந்து உட்காரும். படம் சுழன்றுகொண்டே பெரிதாகும். ஒரு பச்சைச் செடி மெல்லத் தலை சாய்ந்து மஞ்சளாகிச் சாகும்படி செய்ய எனக்கு நான்கு சாயங்காலம் பிடித்தது. அது சாகும்போது கண்ணாடி உடையும் சத்தம் வைத்தேன். (ஏன் கண்ணாடி என்று கேட்காதீர்கள். அதில் இருந்த சத்தங்களில் அதுதான் சோகமாக இருந்தது.) மொத்தம் பதினெட்டு ஸ்லைடு. ஒவ்வொன்றும் தானாகவே மாறும்படி நேரம் வைத்தேன். பதினெட்டாவது ஸ்லைடில் முடிவு: 'கழிவுநீர் பயிர்களைக் கொல்கிறது.' அதற்குக் கைதட்டல் சத்தம்.

அந்த நாட்களில் என் கணவர் சாமு, ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு செக்ஷன் கிளார்க், சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"பயறு முளைச்சிதா?"

"முளைக்கும்."

"முடிவு ஸ்லைடு?"

"அது மொத நாளே முடிஞ்சிது."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டார்.

நஸ்ரீன் மூன்று முறை ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். "மிஸ், செடிய ஒரு வாட்டி பாக்க வர்றீங்களா?" என்றாள். "அப்புறம்" என்றேன். "நோட்டாவது பாருங்க மிஸ்." "வச்சிட்டுப் போ." அறுபத்தைந்து பேர் கொண்ட இரண்டு வகுப்புகளின் நோட்டுகள் ஏற்கெனவே மேஜையில் இருந்தன. அவள் நோட்டும் அந்தக் கட்டோடு போய்ச் சேர்ந்தது. படிக்காமலேயே பக்கத்துக்கு ஒரு டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். களைப்புக்கு எல்லா நோட்டும் ஒன்றுதான்.

கண்காட்சி வேலூரில், ஒரு பெரிய பள்ளியின் ஹாலில். காலையில் ஸ்கூல் வேனில் தொட்டிகளையும் கேன்களையும் ஏற்றிக்கொண்டு போனோம். பின்சீட்டில் பிள்ளைகள் மடியில் தொட்டி, முன்சீட்டில் என் மடியில் சி.டி. ஹாலில் இறக்கி மேஜையில் வரிசையாக வைத்தபோதுதான் அந்தச் செடிகளை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

'நல்ல தண்ணீர்' சீட்டு ஒட்டிய ஐந்தும் இலை ஓரம் கருகி, சோறு இறங்காத நோயாளி போல் சாய்ந்து கிடந்தன. 'கழிவுநீர்' ஐந்தும் பச்சைப்பசேல் என்று கொழுத்து நின்றன.

பதினெட்டு ஸ்லைடும் கண்முன் ஓடின. யாராவது அறிவியல் படித்தவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் 'ஏன்?' என்று கேட்டிருப்பார். நான் அறிவியல் மிஸ். அதனால் கேட்கவில்லை. பிள்ளைகள் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். கழிவுநீர் ஊற்றினால் செடி சாகும், ஸ்லைடிலேயே போட்டிருக்கிறதே! பக்கத்து மேஜையில் ஒரு பசை பாட்டில் வாங்கி, பத்துச் சீட்டையும் பிய்த்து மாற்றி ஒட்டினேன்.

"மிஸ், நாங்க கரெக்டாத்தான் ஊத்துனோம்" என்றாள் நஸ்ரீன்.

"சும்மா இரு நஸ்ரீன். எல்லாம் எனக்குத் தெரியும்."

அவள் ஒப்பிக்க வேண்டிய தாளை எடுத்துக்கொண்டாள்.

எங்கள் முறை வந்ததும் தொட்டிகளையும் கேன்களையும் மேடையில் ஏற்றி வைத்தோம். முதல் இரண்டு வரிசைகளில் பெரியவர்கள், பின்னால் இருநூறு பிள்ளைகள். ஹெச்.எம். அம்மா புது காட்டன் புடவையில் முதல் வரிசையில். ஸ்லைடு ஓட ஆரம்பித்தது. திரையில் ஒரு வார்த்தை தமிழ் இல்லை. நான் தட்டியிருந்த தமிழ் ஃபாண்ட் அந்தக் கம்ப்யூட்டரில் கிடையாது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரு கந்தரகோலம் பறந்து பறந்து வந்து உட்கார்ந்தது. செடி மட்டும் ஒழுங்காகச் செத்தது. கண்ணாடி பயங்கரமாக உடைந்தது. பின்வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

நஸ்ரீன் அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் மைக்கில் ஒப்பித்தாள். அதோடு போயிருந்தால் ஏதோ தப்பித்திருப்போம். ஆனால் நடுவர் எழுந்து மேடைக்கு வந்துவிட்டார். விவசாயக் கல்லூரிக்காரர், அரைக்கைச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. திரையை அவர் பார்க்கவே இல்லை. நேராகக் கழிவுநீர் கேனைத் திறந்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். ஒரு டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தார். தண்ணீர் ஸ்படிகமாக இருந்தது.

(அதில் வாடையே இல்லை என்பது எனக்கு எப்போதோ உறைத்திருக்க வேண்டும். ஆனால் வாணியம்பாடித் தோல் வாடையில் பிறந்து வளர்ந்த மூக்குக்கு எதுதான் உறைக்கும்?)

"இது எங்கம்மா புடிச்சது?"

"அப்பா கம்பெனில சார்."

"கம்பெனில எந்த இடத்துல?"

நஸ்ரீன் ஒரு முறை என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளதைச் சொன்னாள். "ஆபீஸ் ரூம் ஃபில்டர்ல சார். கழிவுத்தண்ணிய கேன்ல வெளிய எடுத்தா கேட்ல புடிப்பாங்க, வேலை போய்டும்னு அப்பா சொன்னாரு. அதுவுமில்லாம, அது கைல பட்டா புள்ளைங்களுக்கு அரிக்கும், புண்ணாய்டும், இத்தையே ஊத்துங்கன்னு குடுத்துட்டாரு. நான் நோட்டுல எழுதியிருக்கேன் சார்."

"சரி. நல்ல தண்ணி?"

"ஸ்கூல் போர் தண்ணி சார்."

"அது உப்பாச்சே? குடிக்கிற தண்ணி ஊத்தலையா?"

நஸ்ரீனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "குடிக்கிற தண்ணிய யாராச்சும் செடிக்கு ஊத்துவாங்களா சார்? வீட்ல அடிப்பாங்க."

ஹாலில் இருந்த ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் ஆட்டினேன். நான்கு நாளைக்கு ஒரு முறை வரும் லாரிக்குக் குடம் வரிசை போடும் ஊரில் பயறுத் தொட்டிக்குக் குடிதண்ணீர் ஊற்றுவது பாவம். 'நல்ல தண்ணீர்' என்றால் குடிதண்ணீர் என்று நான்தான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கே தோன்றவில்லை.

நடுவர் விடவில்லை. "அப்ப ஃபில்டர் தண்ணி ஊத்துன செடி செத்துக் கெடக்கு. உப்புத் தண்ணி ஊத்துனது தளதளன்னு இருக்கு. எப்படிம்மா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு தொட்டியைத் தொட்டார். சீட்டு அவர் விரலோடு வந்துவிட்டது. பசை இன்னும் காயவில்லை.

"சீட்டை யார் மாத்துனது?"

நஸ்ரீன் தரையைப் பார்த்தாள். "நாங்கதான் சார்" என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் பதினெட்டாவது ஸ்லைடு தானாக வந்தது. ஸ்பீக்கரில் கைதட்டல் இடி மாதிரி விழுந்தது. ஹாலே சிரித்தது.

நான் எழுந்து, "நான்தான் சார் மாத்துனேன். அந்தப் பொண்ணு வேணாம்னுதான் சொல்லிச்சு" என்றேன். சிரிப்பு அடங்கியது. நடுவர் என் பக்கம் திரும்பி, "உக்காருங்க மேடம்" என்றார். அதைவிடக் கேவலமான இரண்டு வார்த்தைகளை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

நஸ்ரீனின் நோட்டை வாங்கி அவர் முழுதும் படித்தார். தினமும் எந்தத் தண்ணீர், எங்கே பிடித்தது, எத்தனை சென்டிமீட்டர் என்று எல்லாம் அதில் இருந்தது. எல்லாப் பக்கத்திலும் என் சிவப்பு டிக்கும் இருந்தது. அந்த நோட்டுக்கு மட்டும் ஆறுதல் பரிசு கொடுத்தார்கள், ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

திரும்பும்போது வேனில் நஸ்ரீன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மிஸ், ஜாஸ்தி ஃபீல் பண்ணாதீங்க" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, தூங்குவது போல் ஆம்பூர் வரை வந்தேன்.

ஹெச்.எம். அம்மாவுக்குச் சீட்டு மாற்றியதில் பெரிய கோபம் இல்லை. "நம்ம போர் தண்ணில பயறு கூட மொளைக்காதுன்னு ஜில்லா முன்னாடி சொல்ல விட்டுட்டியே ஜெயா!" என்பதுதான் அவர் கோபம். மறுநாள் குழாய் மேல் மாட்ட ஒரு பலகை வந்தது. 'இது குடிநீர் அல்ல.' என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் என்னையே எழுதச் சொன்னார்கள். ஏப்ரலில் நிறுத்தினார்கள். ஜூனில் தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார். மூன்று வருடம் வீட்டில் டியூஷன் எடுத்து, பிறகு ஆலங்காயம் பக்கம் வேறொரு பள்ளியில் வேலை கிடைத்தது. அதுவரை சாமுவின் சம்பளத்தில் இழுத்துப் பிடித்து ஓட்டினோம்.

எங்கள் வீட்டில் இந்தக் கதைக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. இன்றைக்கு மழை வராது, இந்த வரன் அமையாது, பையன் கணக்கில் தேறமாட்டான் என்று நான் வாயைத் திறந்தால் போதும். "ஸ்லைடு போட்டாச்சாம்மா?" என்பாள் மகள். மகன் வாயாலேயே கண்ணாடி உடைப்பான். விருந்தாளி யார் வந்தாலும் சாமு முதலிலிருந்து சொல்லுவார். கடைசியில் எனக்கு ஒரு மரியாதையும் வைப்பார்: "ஆனா ஒண்ணு. அந்தப் பொண்ணு 'நாங்கதான்'னு சொன்ன அடுத்த செகண்டு, வேலை போனா போவுதுன்னு எழுந்து நின்னா பாருங்க எங்க ஜெயா!" விருந்தாளிகள் என்னைப் பெருமையாகப் பார்ப்பார்கள். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

நான் அடுத்த செகண்டு எழவில்லை. அவள் பழியை எடுத்துக்கொண்டதும் எனக்கு முதலில் வந்தது, 'அப்பாடா, தப்பிச்சோம்' என்ற நினைப்புதான். கைதட்டல் முடியும்வரை, எட்டுப் பத்து நொடி இருக்கும், நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். நஸ்ரீன் என்னைப் பார்க்கக்கூட இல்லை, பார்த்தால் நான் மாட்டிக்கொள்வேன் என்று தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதினான்கு வயது. சாமுவிடம் இத்தனை வருடமாக இதைச் சொன்னதில்லை. இதைப் படித்த பிறகு விருந்தாளிகளிடம் இந்த இடத்தையும் சேர்த்துச் சொல்லுவார். சொல்லட்டும்.