நான்கு நாள் பாங்கொக்

ரொறன்ரோவில் பனி உருகத் தொடங்குகிற மார்ச் மாதத்தில், புல்லுக்கு முன்னால் தலைகாட்டுகிற ஒரு மனித இனம் உண்டு. அதற்குப் ‘போய்வந்தவர்’ என்று பெயர்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். ஊரெல்லாம் கழுத்துவரை ஜக்கெட்டைப் பூட்டிக்கொண்டு நடக்கும்போது அவர் மட்டும் அதைத் திறந்துவிட்டு, உள்ளே போட்டிருக்கும் யானைப்படச் சேட்டை நாலு பேர் பார்க்கட்டும் என்று நடப்பார். எங்கே போய்வந்தவர் என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை. “இண்டைக்கு நல்ல குளிர்” என்று வாயைத் திறந்தால் போதும், “பாங்கொக்கிலை இப்ப முப்பத்தாறு” என்பார். பஸ் பிந்துகிறது என்றால், “அங்கை ரெயில் ஆகாயத்திலை போகுது” என்பார். தடிமன் என்றால் அங்கே ஒரு தைலம் இருக்கிறது என்பார். அவருக்குப் பதில் சொல்ல உங்களால் முடியுமா? நீங்கள்தான் போகவில்லையே!

ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் இருக்கும் நவரட்ணம் இந்த இனத்தின் முதல்தரமான மாதிரி. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலைசெய்து இளைப்பாறியவர். மகள் கஜனி பதிந்துகொடுத்த ரிக்கற்றில் பெப்ரவரியில் பாங்கொக் போனார். இருந்தது நான்கு நாட்கள். அதில் முதல் நாள் நித்திரை. மிச்ச மூன்று நாளும், இங்கிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோன மிளகாய்த்தூளைத் தூவிச் சாப்பிடத் தோதாகச் சோறு போடும் இந்தியக் கடையைத் தேடி அலைந்ததிலும், கண்டுபிடித்ததும் அங்கேயே மூன்று நேரமும் சாப்பிட்டதிலும், ஆற்றில் படகேறிப் போகும்போது ரொறன்ரோவிலுள்ள மைத்துனரை வீடியோவில் அழைத்து, ஆறு பார்க்கக் கேட்டவருக்குத் தன் முகத்தைக் காட்டிக்கொண்டே வந்ததிலும் முடிந்தன. பொன்வேய்ந்த கோயிலிலும் படம் எடுத்தார். எல்லாவற்றிலும் அவர் முன்னால் நின்றார்.

அவருடைய மனைவி யோகராணி இதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் கருத்துச் சொன்னார். “உவர் எங்கை புத்தரைக் கண்டவர்? புத்தர்தான் உவற்றை முதுகைப் பாத்தவர்.”

இதெல்லாம் வீட்டோடு இருந்திருந்தால் யாருக்கு என்ன நட்டம்? ஆனால் மல்வேர்ன் முதியோர் சங்கம் வருகிற தையில் முப்பத்திரண்டு பேரைப் பாங்கொக் கூட்டிப்போவதென்று தீர்மானித்தது. போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி வேண்டும். பஸ்ஸில் முன் சீற், கையில் மைக், இறங்கி நடக்கும்போது உயர்த்திப் பிடிக்க ஒரு கொடி. நவரட்ணம் அந்தப் பதவிக்கு எவ்வளவு ஆசைப்பட்டார் என்று உங்களுக்குச் சொன்னால் இரங்குவீர்கள். இருபத்தாறு வருடமும் அவருக்குப் பின்னால் வந்து நின்றவர் சூப்பர்வைசர் ஒருவர் மட்டும்தான். இப்போது முப்பத்திரண்டு பேர்! கூட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முன்பே அவர் மஞ்சள் துணி வெட்டி, உடைந்த குடையின் காம்பில் கட்டி, அலுமாரிக்குள் கொடியைத் தயாராக வைத்துவிட்டார்.

கூட்டம் சனிக்கிழமை. திரையில் நூற்றிருபத்தேழு படங்கள் ஓடின. நூற்றுப்பத்தொன்பதில் நவரட்ணம் இருந்தார். மிச்சம் எட்டும் அவர் சாப்பிட்ட பிளேட்டுகள். சபை கொட்டாவியை விழுங்கிக்கொண்டு கைதட்டியது. எல்லாம் நன்றாகவே போனது, செயலாளர் மனோரஞ்சிதம் ஒரு கேள்வி கேட்கும்வரை.

“எனக்கு அல்சர். உறைப்பில்லாமச் சாப்பாடு தாங்க எண்டு அங்க எப்படிக் கேக்கிற?”

“இங்கிலிசிலை கேளுங்கோ. கொஞ்சம் சத்தமாக் கேட்டா விளங்கும்” என்றார் நவரட்ணம்.

“மாய் பெற் எண்டு சொல்லுங்கோ அக்கா” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

எல்லாரும் திரும்பினார்கள். பேசியவர் சூசைதாசன். சங்கத்துக்கு வந்து கதிரை அடுக்குவார், தேத்தண்ணி ஊற்றுவார், போவார். அவருக்குக் குரல் இருப்பதே பலருக்கு அன்றுதான் தெரியும்.

“நீங்களும் பாங்கொக் போனதா?” என்றார் மனோரஞ்சிதம்.

“போனதெண்டு இல்லை. இருந்தனான்.”

“எத்தின நாள்?”

“பதினாலு மாதம்.”

நவரட்ணத்தின் கையிலிருந்த ரிமோட் மெல்லத் தாழ்ந்தது. பதினாலு மாதத்தில் எத்தனை நான்கு நாட்கள் இருக்கின்றன என்று மனம் தன்பாட்டில் வகுத்தது. அலுமாரிக்குள் இருந்த கொடி வேறு ஒருவர் கையில் ஏறி அசைவது அவருக்குத் தெரிந்தது.

“அகதியெண்டு கனடா எடுக்கும்வரைக்கும் அங்கைதான் காத்திருந்தனாங்கள்” என்றார் சூசைதாசன், யாரையும் பாராமல். “விசா முடிஞ்சு போச்சு. வெளியிலை இறங்கினாப் பொலிஸ் பிடிக்கும். மூண்டாம் மாடியிலை ஒரு அறை, ஏழு பேர், ஒரு யன்னல். கீழை ஒரு மனிசி நூடில்ஸ் வண்டில் வைச்சிருந்தவ. வாற சனம் அவவோடை கதைக்கிறதைக் கேட்டுக் கேட்டுப் பிடிச்சதுதான் இந்தப் பாஷை.”

“அப்ப இவரே கூட்டிக்கொண்டு போகட்டும்!” என்றார் மனோரஞ்சிதம். பல தலைகள் ஆடின.

சூசைதாசன் பதறிக் கையால் மறித்தார். “ஐயோ, எனக்கு ஊர் தெரியாது அக்கா. நான் இன்னும் பாக்கேல்லை. பாக்கத்தான் பேர் குடுத்திருக்கிறன்.”

நவரட்ணத்துக்கு அப்போது வெட்கம் வந்தது என்று நான் சத்தியமே செய்வேன். அது அடுத்த படம் வரும்வரை இருந்தது. பிறகு, வேறு ஆள் இல்லாத காரணத்தால், அவரே வழிகாட்டியாக ஏகமனதாகத் தெரிவானார்.

இரண்டு கிழமை கழித்து விட்பி நகரில், சங்க உறுப்பினர் தியாகலிங்கம் வீட்டில் பேரப்பிள்ளையின் பிறந்தநாள். வீடு புதிது, கூட்டம் பெரிது. கையில் ரோல்ஸ் பிளேட்டோடு நடுவில் நின்றார் நவரட்ணம். அவரைச் சுற்றி, அவரைத் தெரியாத பத்துப் பன்னிரண்டு பேர்.

“கோயில், ஆறு, கடை, உதெல்லாம் ரூறிஸ்ற் பாக்கிறது” என்று குரலைத் தாழ்த்தினார். “ஊரை அறியிறதெண்டா ஒரு யன்னல் காணும். நான் அப்பிடியே யன்னலடியிலை நிண்டிடுவன். கீழை ஒரு மனிசி, நூடில்ஸ் வண்டில். வாற போற சனத்தின்ரை கதையைக் கேட்டுக் கேட்டு, பாஷையே பிடிபட்டிட்டுது. மாய் பெற் எண்டா என்ன தெரியுமோ?”

கேட்டவர்கள் உருகிப்போனார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யோகராணி மட்டும் கணவருக்குப் பின்னால் பார்த்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அங்கே சூசைதாசன், இரண்டு கையிலும் மடித்த கதிரைகளோடு நின்றார். விட்பியிலும் அவருக்குக் கதிரைதான்.

“எத்தினையாம் மாடி அண்ணை?” என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

நவரட்ணம் திரும்பிப் பார்த்தார். ஆளைக் கண்டார். ஒரு வாய் ரோல்ஸை மென்று விழுங்கினார்.

“ஏழாம் மாடி” என்றார். “மூண்டிலை நிண்டா என்னத்தைத் தெரியும்?”

சூசைதாசன் “ஓம்” என்று தலையாட்டிவிட்டுக் கதிரைகளைக் கொண்டுபோய் விரித்து வைத்தார். அதில் முதலாவதில் நவரட்ணம் அமர்ந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடிந்ததும் உங்கள் போனை எடுத்து, நீங்கள் கடைசியாகப் போன ஊரின் படங்களைத் திறந்து, உங்கள் முகத்தைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு, மிச்சம் தெரிவது எந்த ஊர் என்று சொல்லுங்கள் பார்ப்போம். முடியவில்லையா? பாதகமில்லை. இப்போது உங்களிடம் ஒரு நல்ல யன்னல் கதை இருக்கிறது. அடுத்த விருந்தில் அதை எப்படியும் சொல்லத்தான் போகிறீர்கள், அதுவும் நேரில் கேட்டதாக. சொல்லும்போது மாடியை மட்டும் கூட்டிவிடாதீர்கள். அது மூன்றாம் மாடி.