வெண்ணந்தூர்க் கரட்டில் நான் கொட்ட வைத்த அருவி

கதை எழுதுகிறவன் கதைக்குள் எவ்வளவு பொய் வேண்டுமானாலும் சொல்லலாம். வாசித்து முடித்த பிறகு ஒன்றுகூடச் சொல்லக் கூடாது. இந்தச் சின்ன விஷயம் எனக்குப் புரிவதற்குள் பதினோரு பேரைப் பங்குனி வெயிலில் மலையேற்றிவிட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. வீடு சேலம் ஃபேர்லேண்ட்ஸில். ராசிபுரம் பக்கம் கடை கடையாகப் போய் பிஸ்கட் ஆர்டர் எடுப்பது வேலை. ஆனால் யாராவது கேட்டால் "எழுத்தாளர்" என்பேன். (அதுவரை எழுதியது மூன்று கதை. மூன்றையும் படித்தவன் நான் ஒருவன்தான்.)

வெண்ணந்தூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒரு கரடு தெரியும். பாறையும் முள்ளுமாய் நிற்கிற சின்னக் குன்று. ஒரு மழை நாளில் அதன் தலையை மேகம் மூடியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அன்று மாலையே உட்கார்ந்து கதை எழுதினேன். கரட்டிலிருந்து அறுபது அடி அருவி ஒன்றைக் கொட்ட வைத்தேன். அருவியோரம் ஒரு மான். மானுக்குப் பக்கத்தில் கண்ணீரோடு ஒரு பெண். (அவள் எதற்கு அழுதாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும், பிலோமினா மேடம் வீட்டு மாடியில் வாசகர் கூட்டம் நடக்கும். மேடம் தாவரவியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வருடம் கூட்டத்துக் கதைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடுவதாக இருந்தார். நான் வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"சேவியர், அந்த அருவி நிஜமாவே இருக்காப்பா?"

"கற்பனை மேடம்" என்று அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் முன்வரிசையில் நளினி உட்கார்ந்திருந்தாள். நூலகத்தில் வேலை பார்ப்பவள். அதுவரை என் பக்கமே திரும்பாத அவள், அன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு மேடம். நானே குளிச்சிருக்கேன்" என்றேன்.

"அப்ப அடுத்த ஞாயிறு எல்லாரும் போறோம்! பாத்துட்டு வந்து, புத்தகத்துல முதல் கதையா இதையே போட்டுடலாம்."

அந்த வாரம் முழுக்கக் காய்ச்சல் வரச் சொல்லி மாதாவிடம் வேண்டினேன். ஒரு தும்மல்கூட வரவில்லை.

வேன் நிறையத் துண்டும் மாற்றுத் துணியும் புளிசாதமும். ஒருவர் அருவிக் குளியலுக்காக வீட்டிலேயே நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார்.

"எவ்வளவு உயரம் இருக்கும்?" என்று நளினி கேட்டாள். நாற்பது அடி என்றேன். கரட்டடியில் இறங்கும்போது மறுபடி கேட்டாள். இருபது ஆகியிருந்தது.

அங்கே பாவாயி என்ற அக்கா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். மேடம் அவரிடம் அருவிக்கு வழி கேட்டார்.

"அருவிங்களா? ஏனுங்க, ஆட்டுக்குக் குடிக்கவே ஊட்டுல இருந்து கொடத்துல தண்ணி தூக்கிட்டு வாரேனுங்க!"

"வத்திப் போயிருக்கும்" என்றேன்.

"நான் பொறந்து வளந்ததே இங்கதானுங்க சாமி. எனக்குத் தெரியாம ஒரு அருவி வந்துட்டுப் போயிருச்சுங்களா?"

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "பின்பக்கம் இருக்கு" என்று பாறைமேல் விறுவிறுவென்று ஏறினேன். கால் வழுக்கியது. உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்கி, மேடத்தின் காலடியில் வந்து சேர்ந்தேன். பேண்ட் பின்பக்கம் டர்ரென்று கிழிந்துவிட்டது. நல்லெண்ணெய்க்காரர் தன் துண்டை நீட்டினார். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தேன்.

"அருவி இல்ல மேடம். இந்தக் கரட்டையே பஸ் ஜன்னல்ல இருந்துதான் பாத்தேன்."

"மான்?"

"இல்ல மேடம்."

பாவாயி அக்காதான் இரக்கப்பட்டார்.

"அருவி இல்லீனா என்னங்க, மேல சுனை ஒண்ணு இருக்குதுங்க. வாங்க, காட்டறேன்."

கொஞ்சம் ஏறியதும் பாறை இடுக்கில் ஒரு சோற்றுக் குண்டான் அளவுக்குத் தண்ணீர். ஆடு எட்டாத பள்ளம். விளிம்பைச் சுற்றித் தேனீக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து நீர் உறிஞ்சிக்கொண்டிருந்தன. ஈர வெடிப்பில் விரல் நீளத்துக்கு ஒரு பெரணிச் செடி. "இந்த வெயில்லயா!" என்று மேடம் சுடுபாறையில் மண்டியிட்டுவிட்டார். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தோம். என் முறை வந்தபோது வெட்கமாக இருந்தது. இத்தனை இங்கே இருக்கும்போது நான் மானுக்கு ஆசைப்பட்டிருக்கிறேன்.

"இதை எழுது" என்றார் மேடம்.

எழுதினேன். நான்கு முறை திருப்பிக் கொடுத்தார். ஐந்தாம் முறை எழுதியது புத்தகத்தில் கடைசிக் கதையாக வந்தது. படித்துவிட்டு நளினி சொன்னாள்: "பொய் சொல்றப்ப உங்க காது செவக்குது. கண்டுபிடிக்கறது சுலபம்." அடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பொய்க்குப் பெயரே அருவிதான். கடையில் பேசிக்கொண்டு நின்றபடி "பாதி வழி வந்துட்டேன்" என்று போனில் சொன்னால், "அருவி நல்லாக் கொட்டுது" என்பாள் நளினி.

போன மாதம் எங்கள் மகளின் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். ஒன்றாம் வகுப்பு. ஆசிரியை படத்தைக் காட்டி "அருவின்னா என்ன?" என்று கேட்டாராம். இவள்தான் முதலில் கையைத் தூக்கியிருக்கிறாள்.

"எனக்குத் தெரியும் மிஸ். எங்கப்பா சொல்ற பொய்!"