இறங்கும்போது மட்டும் எரியும் சிவப்பு விளக்குகள்

லிந்துலை,
வெள்ளிக்கிழமை, விடாத மழை.

மதிப்பும் பாசமும் அதோடு கொஞ்சம் பயமும் கலந்து அலோசியஸ் மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் சவரிமுத்து எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் நலம், ஜோசப்பின் நலம், அவள் வளர்க்கும் கோழிகள் எங்கள் இருவரையும்விட நலம். வத்தளை வெக்கையில் நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறோம். இங்கே நலமில்லாத ஆள் ஒன்றே ஒன்றுதான். போன நத்தார் பண்டிகைக்கு நீங்கள் எங்களுக்குக் கொடுத்த டீசல் கார்.

வாட்ஸப் இருக்கும்போது இவன் ஏன் முத்திரை ஒட்டுகிறான் என்று நினைப்பீர்கள். வாட்ஸப்பில் எழுதினால் அது குடும்பக் குரூப்புக்குப் போய்விடும், குரூப்பில் என் சகலை ரொஷான் இருக்கிறார், அவர் வலப்பனையில் உட்கார்ந்துகொண்டு உங்கள் காருக்குக் கண் வைத்திருக்கிறார். கடிதம் என்றால் ரகசியம். ஜோசப்பினிடம் கொடுத்துத் தபால் கந்தோரில் போடச் சொல்லப்போகிறேன். மற்றவர் கடிதத்தைப் படிக்கிற புத்தி அவளுக்குக் கிடையாது, அது உங்கள் வளர்ப்பு.

விஷயத்துக்கு வருகிறேன். காரில் சாவியைத் திருப்பினால் வரிசையாகச் சில விளக்குகள் எரிந்து அணையும் அல்லவா. அதில் சுருள் மாதிரி உள்ளது மட்டும் எனக்குப் புரியும், இந்தக் குளிரில் அது அணையும்வரை காத்திருந்துதான் ஸ்டார்ட் எடுக்க வேண்டும். மற்றவை எல்லாம் எனக்குப் புரியாத கிரந்த எழுத்து. எண்ணெய் சொட்டும் தேத்தண்ணிக் கேத்தல் ஒன்று, கூட்டல் கழித்தல் போட்ட பெட்டி ஒன்று, வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி ஒன்று, நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவன் என்பதால் அந்த ஆச்சரியக்குறி மட்டும் என்னையே பார்க்கிற மாதிரி இருக்கும். இவை எல்லாம் நம் வீட்டிலிருந்து டவுனுக்கு இறங்கும்போது ஒன்றாக எரிகின்றன மச்சான். ஏறும்போது ஒன்றும் இல்லை. போகும்போது மரணப் படுக்கை, வரும்போது கல்யாண மாப்பிள்ளை. இத்தனைக்கும் இறக்கத்தில் நான் வண்டியை ஒரு தொந்தரவும் செய்வதில்லை, பூனை மாதிரி சத்தமில்லாமல் போகும், மலையில் கொழுந்து எடுக்கிற பொம்பளைகள் பேசிக்கொள்வதுகூடக் காரில் கேட்கும், பெரும்பாலும் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

முதலில் தலவாக்கலை ஜீவராஜ் பாஸின் கராஜுக்குக் கொண்டுபோனேன். கேத்தல் எரிந்தால் எண்ணெய்க் கோளாறு என்று எண்ணெயை மாற்றி, அதற்குரிய சுவிட்ச்சையும் மாற்றி, அவரே ஏறி உட்கார்ந்து நம் கோயிலடியிலிருந்து டவுன்வரை ஓட்டிக் காட்டினார். ஒரு விளக்கு எரியவில்லை. “சார், லைட் எங்க?”ன்னாரு. “நீங்க ஓட்டுறப்ப வெக்கப்படுது போல பாஸ்”ன்னேன். “அப்ப நான் வீட்டோட வந்து இருக்கவா?”ன்னாரு. சனம் கூடிச் சிரிச்சது. அடுத்த நாள் நான் தனியே இறங்கினேன், பாலத்தடி வரைக்கும் தீபாவளி.

பிறகு ஹட்டனில் வயரிங் வேலை செய்கிற ஒருவரிடம் போனேன். பெட்டி விளக்கு எரிந்தால் பெட்டரிக்குச் சார்ஜ் போகவில்லை, டைனமோவைக் கழற்ற வேண்டும் என்றார். கழற்றி, உள்ளே தேய்ந்ததை மாற்றி, பூட்டி, எஞ்சினை ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்து, “ப்ரஸ்னயக் நே மாத்தயா” என்று சிங்களத்தில் சொல்லிக் கை துடைத்துக்கொண்டார். அவருக்குப் பிரச்சினை இல்லைதான், வீட்டிலிருந்து இறங்குகிற மனிதன் நானல்லவா. பக்கத்துக் கடையில் ஒருவர், கம்ப்யூட்டரைச் சொருகினால் வண்டியே தன் வாயால் நோயைச் சொல்லும் என்றார். அவர் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டுச் சொருகுகிற இடத்தைத் தேடினார், தேடினார், கடைசியில் தலையை வெளியே எடுத்து, “இந்த வண்டி வாய் முளைக்கிறதுக்கு முந்தியே பொறந்துருச்சு சார்” என்றார்.

அன்றிரவு படுக்கையில் எனக்கு ஞானம் வந்தது. வத்தளையில் உங்களிடம் இருந்த காலத்தில் ஒரு தடவையும் விளக்கு எரிந்ததில்லை என்றீர்களே, ஞாபகமா? இது கடலோரத்தில் வளர்ந்த வண்டி. கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே காது அடைக்கும், தலை சுற்றும். அதே வியாதிதான் இதற்கும். ஏறும்போது தாங்கிக்கொள்கிறது, இறங்கும்போது அடைத்துக்கொள்கிறது. இதை ஜோசப்பினிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, “காருக்கு ஒண்ணுமில்லங்க, ஓட்டுற விதந்தான்”ன்னா. பொம்பளைக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்னு விட்டுட்டேன்.

மருந்து பலிக்காத இடத்தில் மந்திரம் என்று நம் பங்குத் தந்தை ஃபாதர் ஜெரோமியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டு, டவுனுக்கு வருகிறேன் என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார். முதல் வளைவு தாண்டியதும் எல்லா விளக்கும் எரிந்தன. “என்ன சவரி, பூசைக்குப் பீடம் சோடிச்ச மாதிரி இருக்கே?”ன்னாரு சாமி. சிரிச்சுக்கிட்டே பிரேக்கை மிதிச்சேன். ஒருதரம் பிடிச்சது, ரெண்டாவது தரம் அரைகுறையா பிடிச்சது, அப்புறம் கருங்கல்லை மிதிச்ச மாதிரி, ஸ்டியரிங்கும் அம்மிக்கல்லாட்டம் திரும்பமாட்டேங்குது. வண்டி தன்பாட்டில் போய், மாதா சுரூபம் வைத்த கெபிக்கு முன்னால், வேலியோடு சேர்ந்து பணிவாக நின்றது மச்சான்! வேறெங்கும் போகவில்லை, மாதா காலடியில் போய் நின்றது! இது மாதா செய்த புதுமை இல்லையா? ஃபாதர் இறங்கி, அங்கியில் ஒட்டிய பூவைத் தட்டிவிட்டு, “காரை மந்திரிச்சது தப்பு, உன்னைய மந்திரிச்சிருக்கணும்” என்று சொல்லி மிச்சத் தூரத்தை மழையில் நடந்தே போனார்.

இதற்கெல்லாம் மேலே உயிர்த்த ஞாயிறுக்கு ரொஷான் வந்தார். நான் கேட்காமலே சாவியை எடுத்து, ஜோசப்பினையும் தன் மனைவி, உங்கள் மற்றத் தங்கை கேத்ரினையும் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போய் வந்தார். ஒரு விளக்கும் எரியவில்லையாம். “அண்ணே, இது ஆளைப் பாத்து எரியுது”ன்னு என் வீட்டுத் தேத்தண்ணியைக் குடிச்சுக்கிட்டே சொல்றாரு. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. வண்டி சகலையைத்தான் விரும்புகிறதோ?

ஆகவே மச்சான், அந்தோனியார் திருநாளுக்கு நீங்கள் வரும்போது காரைப் பார்த்துவிட்டு, இவனால் வைத்துப் பராமரிக்க முடியாது, வலப்பனைக்குப் போகட்டும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். காரில்லாமல் போனால் நான் மறுபடி பஸ்ஸில் தொங்க வேண்டும், அதில் தொங்குகிறவர்களில் பாதிப் பேர் நான் படிப்பித்த பிள்ளைகள், இடம் கொடுக்கிறேன் சார் என்று கத்தி மானத்தை வாங்குவார்கள். நோயாளியை இடம் மாற்றக்கூடாது என்று டொக்டர்மாரே சொல்கிறார்கள். விளக்கு எரிந்தாலும் எரியட்டும், நான் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். வத்தளையில் நீங்கள் இதற்கு ஏதாவது விசேஷமாகச் செய்தீர்களா என்பதை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள்.

அந்தோனியார் உங்கள் வீட்டில் தொலைந்ததை எல்லாம் கண்டுபிடித்துத் தரட்டும். என் புத்தியையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு முத்தமும்.

குழம்பிய நிலையில்,
உங்கள் மச்சான் சவரிமுத்து.

பி.கு.: அண்ணே, ஜோசப்பின் எழுதுறேன். கவரை ஒட்ட முந்தி படிச்சுட்டேன், அது உங்க வளர்ப்புத்தான். காருக்கு ஒரு நோயும் இல்ல. இவரு முன்னால ஆட்டோ வச்சிருந்தப்ப, டீசல், பெட்ரோலுக்கு எல்லாரும் வரிசையில நின்ன காலத்துல, இறக்கத்துல எஞ்சினை நிப்பாட்டி நியூட்ரல்ல விடப் பழகிட்டாரு. வரிசை போயிருச்சு, பழக்கம் போகல. முதல் வளைவுலயே எஞ்சினை அணைச்சுட்டு, ஸ்டியரிங் பூட்டிக்காம இருக்க சாவியை ஒரு திருப்புத் திருப்பி வச்சுக்கிறாரு. எஞ்சின் ஓடாம சாவி மட்டும் போட்டிருந்தா அந்த லைட்டெல்லாம் எரியத்தானே செய்யும்? பிரேக்கும் கல்லாத்தானே போகும்? கெபியில நின்னது புதுமை இல்ல, மாதா வேலி நல்ல வேலி. நான் எடுத்துச் சொன்னேன். “எஞ்சின் ஓய்வெடுக்குது, ஓய்வெடுக்குறப்ப எதுக்கு லைட் எரியணும்?”னு என்னையவே கேக்குறாரு.

ரொஷானுக்குக் கார் வேணாமாம், டீசல் புகை ஒத்துக்காதாம். அவர் அன்னைக்குச் சாவி எடுத்தது எனக்கு ஓட்டப் பழக்க. டவுனுக்குப் போனதும் வந்ததும் நான்தான் ஓட்டினேன். லைசன்ஸும் வந்துருச்சு, இவருக்கு இன்னும் தெரியாது. திருநாளுக்கு நீங்க கோச்சியில வர்றப்ப தலவாக்கலை ஸ்டேஷனுக்கு நானே காரோட வர்றேன், இவரு பின் சீட்ல இருப்பாரு. நீங்க இறங்கினதும் பானெட்டை ஒரு தட்டுத் தட்டி, காதை வச்சுக் கேட்டுட்டு, “இந்த வண்டிக்கு மலைக் காத்து ஒத்துக்கல, இனி இறக்கத்துல எஞ்சினை அணைக்கவே கூடாது”ன்னு சொல்லிருங்க. நான் சொன்னா வெங்காயப் பேச்சு. வத்தளையிலிருந்து வந்து சொன்னா வேதம்.