பூட்டும் ஒரு ஜோடி ஷூவும்

பிளாஸ்டிக் பக்கெட்டின் கைப்பிடிக்குப் பூட்டுப் போட்ட மனிதர் பூலோகத்தில் ஒருவர்தான். தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் அவரோடு குடியிருந்தேன். எல்லோருக்கும் அவர் ‘பூட்டு’. “ஏனப்பா, பக்கெட்டுக்கும் பீகமா?” என்று வீட்டுக்கார அம்மா பூட்டைக் கன்னடத்தில் சொல்லிக் கேட்டுச் சிரிப்பார்.

சாப்ட்வேர் வேலை. எழுதும் புரோகிராம்களைத் தனித்தனி பிராசஸாகத்தான் ஓடவிடுவார். த்ரெட் என்றால் முகம் சுளிப்பார். பிராசஸ் என்பது தனிக்குடித்தனம். அதன் மெமரியை அடுத்தவர் தொட முடியாது. த்ரெட்டுகள் ஒரே பிராசஸுக்குள் சேர்ந்து ஓடும் கூட்டுக்குடும்பம், மெமரி பொது, ஒருவர் வைத்ததை இன்னொருவர் கலைக்கலாம். இதை ஆபீஸோடு விட்டிருக்கலாம். மனுஷன் வீட்டுக்கும் கொண்டுவந்தார்.

எனக்கும், அதே போர்ஷனில் கூடத் தங்கியிருந்த குமாருக்கும் சேகருக்கும் ஒரே பேஸ்ட், ஒரே சோப்பு, இன்டர்வியூவுக்கென்று ஒரே ஜோடி கறுப்பு ஷூ.

“நீங்க மூணு பேரும் த்ரெட்டுடா. ஒருத்தன் கவுந்தா மூணு பேரும் காலி. நான் பிராசஸ்.”

“அப்ப உப்பு வேணும்னா என்னண்ணா பண்றது?”

“கேளு. பொட்டலம் கட்டித் தரேன். டப்பாவுக்குள்ள கைய விடாத. பிராசஸுங்க அப்படித்தான் குடுத்து வாங்கிக்கும்.”

நிஜமாகவே பொட்டலம் கட்டித்தான் தந்தார்.

வேலையில்லாமல் நான் அலைந்துகொண்டிருந்தபோது எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு இன்டர்வியூ வந்தது. அதுவும் போனால் மூட்டை கட்டிக்கொண்டு வேலூருக்குத் திரும்ப வேண்டியதுதான். காலையில் கட்டிலுக்கடியில் ஷூ இருப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் குளிக்கப் போனேன். குமாருக்கும் அன்றைக்கே ஒரு இன்டர்வியூ. அவனும் அதே ஷூவைப் பார்த்தான், மாட்டிக்கொண்டு போயேவிட்டான். நான் வந்து குனிந்தபோது தூசிதான் இருந்தது.

“பார்த்தா போதுமாடா? பார்க்கறதுக்கும் எடுக்கறதுக்கும் நடுவுல இன்னொருத்தன் பூந்துடுவான். அதுக்குத்தான் பூட்டுன்னு தலபாடா அடிச்சுக்கிறேன்” என்றார் பூட்டு.

என்னிடம் மிச்சம் இருந்தது ரப்பர் செருப்புதான். அதோடு போனால் வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிடுவான்.

ஆபீஸுக்குப் புறப்பட்டு நின்றவர் என் முகத்தைப் பார்த்தார். உட்கார்ந்து தன் ஷூ லேஸை அவிழ்த்தார்.

“போட்டுக்க.”

“உங்களுக்குண்ணா?”

“கிளம்புடா, பஸ் போயிடும்.”

ஷூ ஒரு சைஸ் சின்னது. நொண்டிக்கொண்டே உள்ளே போய்ப் பதில் சொன்னேன். வேலை கிடைத்தது.

பிற்பாடு அவர் ஆபீஸிலேயே வேலைக்குச் சேர்ந்த சேகர்தான் அங்கே கேள்விப்பட்டு வந்து சொன்னான். அன்றைக்கு அங்கே வெளிநாட்டுக் கிளையண்டுகள் வந்திருந்தார்களாம். பூட்டு என் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய் மானேஜரிடம் எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டாராம். என்னிடம் அதைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை.

அந்த வேலை கிடைக்காமல் போயிருந்தாலும் அந்த மனுஷனை எனக்கு ஆயுசுக்கும் பிடித்துத்தான் போயிருக்கும்.