ஒரே பஸ்ஸில் ஏறாத டிஸ்குகள்

விற்பதற்கென்று கடையைத் திறந்துவிட்டு, வந்தவர் எதையும் வாங்கிவிடாதபடி காவல் இருந்த ஒரே மனிதர் கொழும்பு மாநகரத்தில் தராசுதான். கொட்டாஞ்சேனையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் கொம்பியூட்டர் உதிரிப்பாகங்கள் விற்றார், அதாவது விற்க மறுத்தார். அவருடைய இயற்பெயர் எனக்குத் தெரியாது. மழை பெய்யத் தொடங்கிய நேரத்தைக்கூடக் குறித்துவைக்கிற என் நாட்குறிப்பிலும் அவர் தராசுதான்.

பெயருக்குக் காரணம் அவருடைய மேசையிலேயே நின்றது. அது மரக்கறிக் கடைத் தராசு. ஒரு தட்டில் அவர் நம்பிய பழைய பவர் சப்ளை ஒன்று நிரந்தரமாகக் குந்தியிருக்கும். புதிதாக வருவதையெல்லாம் மறு தட்டில் வைப்பார். அது மேலே போனால் வாடிக்கையாளர் கீழே போகவேண்டியதுதான்.

"பெட்டிக்கு மேல நானூறு வாட் எண்டு ஆரும் அடிக்கலாம் தம்பி. உள்ளுக்கு இரும்பும் செம்பும் இல்லாட்டி அது வெறும் காத்து. காத்தை நான் விக்கிறேல்லை."

மவுஸ் வாங்க வந்த ஒருவரிடம், பழைய மவுஸ் எப்படிச் செத்தது என்று அரை மணி நேரம் விசாரித்து, பதிலில் திருப்தியில்லாமல் வெறுங்கையோடு அனுப்பியதை நானே கண்டேன்.

நான் அவரிடம் போனது என் வீட்டுப் 'பெரிய பெட்டி'க்காக. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருந்தவர்களில் பாதிப்பேர், போருக்குப் பயந்து ஊரில் வீட்டை விட்டுவிட்டு ஒரு கடதாசிப் பையோடு வந்தவர்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், குடும்பப் படம் என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து என் பழைய கொம்பியூட்டரில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தேன். இரண்டு டிஸ்கிலும் ஒரே பிரதி. அவற்றில் ஒன்று செத்துவிட்டது. மற்றது பல்லி போல 'டிக் டிக்' என்று சொல்லத் தொடங்கியது.

அந்தப் பல்லிச் சத்தத்துக்கு என்னைவிட அதிகம் பயந்தவர் மேல்வீட்டுச் சாந்தி. கனடாவில் இருந்த கணவர் அவரை ஸ்பொன்சர் செய்திருந்தார். தூதரக நேர்முகத்துக்குக் கலியாணப் படங்கள் வேண்டும். நான் ஸ்கேன் செய்த பிறகு சாந்தி ஆல்பத்தை ஊருக்கே திருப்பி அனுப்பியிருந்தார். பிறகு அந்த வீடும் இல்லை, ஆல்பமும் இல்லை. அவருக்குக் கலியாணம் நடந்ததற்குக் கொழும்பில் ஒரே சாட்சி என் பெட்டிதான்.

நான் பதினொரு பாகங்கள் கொண்ட பட்டியலைத் தட்டச்சு செய்து கொண்டுபோனேன். தராசு சிவப்புப் பேனையை எடுத்தார். வேகமான புரொசசரை வெட்டினார். நீல வெளிச்சம் வீசும் கேசிங்கை இரண்டு தரம் வெட்டினார்.

"இந்தப் பெட்டிக்கு என்ன வேலை?"

"படங்கள், பத்திரங்கள் வச்சிருக்கிறது அண்ணை."

"அப்ப அது யோசிக்கத் தேவையில்லை. மறக்காமல் இருந்தாச் சரி. மனிசருக்குத்தான் ரெண்டும் வேணும்."

பழைய மதர்போர்டுக்கும் பழைய கேசிங்கிற்கும் உயிர்ப்பிச்சை கிடைத்தது. நான்கு பவர் சப்ளைகளைத் தராசில் ஏற்றி, கடைசியில் செங்கல் போன்ற ஒன்றைத் தேர்ந்தார். கடைசியாக டிஸ்குகளுக்கு வந்தார். ஒரே பெட்டியில் வந்த இரண்டை நான் கையில் எடுத்திருந்தேன். வெடுக்கென்று பறித்தார்.

"இது ரெண்டும் சகோதரங்கள். ஒரே கிழமை, ஒரே தொழிற்சாலை. சகோதரங்களைச் சோடி சேக்கிறதோ? ஒண்டுக்கு வாற வருத்தம் மற்றதுக்கும் அதே மாசம் வரும். ஒண்டு நான் தாறன். மற்றதை வெள்ளவத்தையில வேற கடையில வாங்குங்கோ. வேற கொம்பனி, வேற வருசம்."

கடையில் வைத்துக்கொண்டே விற்க மறுத்து, போட்டிக்காரரிடம் ஆள் அனுப்பிய வியாபாரியை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்க்கவில்லை.

அப்போதுதான், வருவதாக நான் சொல்லியிருந்த என் மனைவி படியேறி வந்தார். தராசு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"தங்கச்சி ஏன் பிந்தி?"

"நான் அடுத்த பஸ்ஸில வந்தனான் அண்ணை."

பஸ்களில் குண்டு வெடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறுவதில்லை. எங்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற ஒரே ஒரு மகள். காரணத்தை வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தராசுக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை. பேனையை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப டிஸ்குகள் மட்டும் ஏன் ஒரே வீட்டில, ஒரே பெட்டிக்குள்ள?"

நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறவன் என்று பெயர் எடுத்தவன். பட்டியலை அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

பட்டியலின் அடியில் அவரே மூன்றாவது டிஸ்க் ஒன்றை எழுதினார். "பிரதி எடுத்துக் கொண்டு வாங்கோ. இஞ்ச அரிசி டின்னுக்குள்ள இருக்கட்டும். அரிசி ஈரத்தை இழுக்கும்."

அன்று நான் பவர் சப்ளையை மடியில் வைத்து ஒரு பஸ்ஸிலும், மனைவி டிஸ்கைக் கைப்பையில் வைத்து இன்னொரு பஸ்ஸிலும் திரும்பினோம். சோதனைச் சாவடியில் ஆமிக்காரப் பொடியன் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, சரியான பாரம் என்று சிங்களத்தில் சொன்னான். அதுதான் அதன் சிறப்பு என்று சொல்ல வந்ததை அடக்கிக்கொண்டேன். வெள்ளவத்தைக் கடைக்காரரிடம் வேறு கொம்பனி, வேறு வருசம் என்று தொடங்கினேன். அவர் பெருமூச்சு விட்டார்.

"கொட்டாஞ்சேனையார் அனுப்பினவரோ? இருங்கோ, சாதகம் பாத்துத் தாறன்."

பல்லி வாயை மூடுமுன் எல்லாம் புது டிஸ்குகளுக்கு மாறின. மூன்றாவது பிரதியும் அரிசிக்குள் போய்ச் சேர்ந்தது.

சாந்தியின் நேர்முகம் ஒரு வெள்ளிக்கிழமை. படங்களை வியாழன் பின்னேரம் நாலு மணிக்கு அச்சிடுவதாக நாட்குறிப்பில் எழுதியிருந்தேன். எழுதியதை மாற்றுவது என் வழக்கமில்லை. புதன் காலை தண்ணீர் வெட்டு. சாந்தி குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, பூட்ட மறந்து, நேர்முகம் நல்லபடி நடக்கவேண்டுமென்று கோயிலுக்குப் போய்விட்டார். பிள்ளையாருக்கு முன்னால் அவர் கண்ணை மூடி நின்ற நேரத்தில் இங்கே தண்ணீர் வந்தது. மேல்வீடு நிரம்பி, கூரைப் பலகை வழியாக நேரே என் பெரிய பெட்டியின் தலையில் இறங்கியது. இரண்டு டிஸ்கும் வேறு கொம்பனி, வேறு வருசம். ஆனால் நனைந்தது ஒரே நேரத்தில்.

"அண்ணை, என்ர கலியாணத்தை நானே கழுவிப்போட்டன்" என்று சாந்தி படியில் இருந்து அழுதார்.

"அரிசிக்குள்ள ஒரு கலியாணம் இருக்கு" என்று சொல்லிவிட்டு நான் கொட்டாஞ்சேனைக்கு ஓடினேன்.

தராசு டின்னைத் திறந்தார். டிஸ்கை எடுத்து அரிசியைத் தட்டினார். நான் கையை நீட்டினேன். தரவில்லை.

"இப்ப உலகத்தில இது ஒண்டுதான் இருக்கு. ஒண்டே ஒண்டு பஸ் ஏறாது."

"அண்ணை, நாளையிண்டைக்கு, வெள்ளிக்கிழமை நேர்முகம்."

"அதுதான் சொல்லுறன். முதல்ல இன்னொண்டு எடுப்பம். நாளைக்குப் பின்னேரம் வாறன்."

நான் கெஞ்சினேன். பிறகு கோபித்தேன். அவர் என்னையும் ஒரு லேசான பவர் சப்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

வியாழன் நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்க, எங்கள் ஒழுங்கையில் தராசு வந்தார். கடையைப் பூட்டிவிட்டு எங்கும் போகாத மனிதர். டிஸ்க் ஒரு துவாய்க்குள் குழந்தைப் பிள்ளைபோல் சுற்றியிருந்தது. அதன் இரட்டை கொட்டாஞ்சேனையில் அரிசிக்குள். தன்னுடைய மடிக் கொம்பியூட்டரையும் கொண்டுவந்து, அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படமாக வாங்கி, ஈரம் காயும்வரை ஓரத்தில் பிடித்தார். தாலி கட்டும் படம் வந்ததும் சாந்தியிடம் நீட்டினார்.

"சரியான ஆளோ எண்டு பாருங்கோ பிள்ளை. பிறகு நான் பொறுப்பில்லை."

முதல் நாள் அழத் தொடங்கிய சாந்தி அப்போதுதான் சிரித்தார். அவருக்கு விசா கிடைத்தது.

போர் முடிந்த பிறகு நானும் மனைவியும் முதன்முதலாக ஒரே பஸ்ஸில், ஒரே சீற்றில் இருந்து போனது கொட்டாஞ்சேனைக்குத்தான். நாங்கள் சேர்ந்து படியேறுவதைக் கண்ட தராசு வழக்கம்போல மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒண்டாவோ வந்தனீங்கள்?"

"ஓம் அண்ணை."

டின்னுக்குள் கையை விட்டு டிஸ்கை எடுத்தார். "அப்ப இதையும் வீட்டை கொண்டுபோகலாமே?"

நான் வாய் திறக்குமுன் மனைவி அதை வாங்கித் திரும்பவும் அரிசிக்குள் புதைத்தார். எங்கள் பொருள் ஒன்று அவரிடம் இருந்தால்தானே, நாங்கள் அடிக்கடி அந்தப் படியேற ஒரு காரணம் இருக்கும்.